கட்டிக்குப் பட்டினி

பாகற்காயை யாருக்கும் பிடிக்க வைத்துவிடலாம், இன்ஸ்பெக்டர். மெல்லிசாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறி, பிழிந்து, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறும் சேர்த்தால் சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஆனால் கசப்பை முழுவதும் எடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் இருக்க வேண்டும். கசப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

உங்கள் பெயர் சந்திரகலா என்று சட்டையில் எழுதியிருக்கிறது. நல்ல பெயர். நான் ராஜினி. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் படித்து, பிரிக்ஃபீல்ட்ஸிலேயே வாழ்க்கைப்பட்டவள். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். நான் வேலை பார்த்தது செமினிப் பக்கம், ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில். கொலஸ்ட்ரால்தான் என் துறை. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்பார்கள். கொலஸ்ட்ரால் என்று சொன்னதும் இலையில் இருக்கும் ஆட்டிறைச்சியை அப்பளத்தால் மூடிக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். என் ஆராய்ச்சிக்கும் அவர்கள் இலைக்கும் சம்பந்தமே கிடையாது.

கொலஸ்ட்ரால் என்றால் எல்லோருக்கும் இதயந்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் உடம்பிலேயே அது மிக அடர்த்தியாக இருப்பது மூளையில். ஆனால் மூளை வெளிச்சாப்பாட்டைத் தொடாது. நீங்கள் காலையில் சாப்பிட்ட நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் கொழுப்பு இரத்தத்தில் சுற்றிவரும். மூளையின் வாசலில் காவல் இருப்பதால் உள்ளே போக முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது. நட்சத்திர வடிவத்தில் சில செல்கள் இருக்கின்றன. அவைதாம் அங்கே சமையல்காரர்கள். சமைத்து, பொட்டலம் கட்டி, பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். வயிறு நிறைந்த செல் போதும் என்று கதவைச் சாத்திக்கொள்ளும்.

மூளையில் வரும் கட்டிகளில் கிளையோபிளாஸ்டோமா என்று ஒன்று உண்டு. படுபொல்லாதது. அதற்குச் சமைக்க நேரமில்லை. வளர்வதே அதற்கு வேலை. ஆகவே அக்கம்பக்கத்து அடுப்பில் வெந்ததையெல்லாம் வாங்கித் தின்றே பெருக்கும். கதவைச் சாத்துவதே இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளைத் தூள் செய்தோம். அது செய்யும் வேலை எளிது: அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிடும், உள்ளே சேர்த்து வைத்திருப்பதையும் வெளியே இறைத்துவிடும். கட்டி பட்டினி கிடந்து சாகும். எலிகளின் தலையில் கட்டி சுருங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. என் கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல்.

ஒரேயொரு சிக்கல். எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. இரத்தம் பால் மாதிரி வெளுத்தது. மூளையில் குறைந்தது உடம்பில் கூடிவிட்டது, அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்திருந்தால் அளவைச் சரிசெய்திருக்கலாம். மேலே இருந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. ஆராய்ச்சியை மூடினார்கள், மிச்சத் தூளை அழித்துவிடச் சொன்னார்கள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உறைபெட்டியில் துருவிய தேங்காய்ப் பொட்டலங்களுக்குப் பின்னால் வைத்தேன். நல்ல பொருளை வீணாக்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பிறகு ஓய்வு பெற்றேன். பூச்செடி வளர்த்தேன்.

அப்புறம் என் கணவர் அருணன் ஒருநாள் தேநீரைக் கோப்பையில் ஊற்றுவதற்குப் பதிலாகச் சீனிப் போத்தலில் ஊற்றினார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வாரம் லிஃப்டில் ஏறியவருக்கு எங்கள் வீடு எந்த மாடி என்று தெரியவில்லை. அப்போது சிரிக்கவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துக் காட்டினார்கள். டாக்டர் வாயைத் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் எலியின் தலையில் பார்த்தது என் கணவரின் தலையில் இருந்தது. பழகிய முகத்தை எதிர்பாராத இடத்தில் பார்ப்பது மாதிரி.

அறுவை சிகிச்சை செய்தார்கள். எடுக்க முடிந்த அளவு எடுத்தார்கள், மிச்சம் இருந்தது. ரேடியேஷனும் மாத்திரையும் ஆரம்பமாயின. நான் அருணனிடம் தூளைப் பற்றிச் சொன்னேன். நேராகச் சொன்னேன், கணவனிடம் எதையும் மறைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் ரயில்வேயில் சிக்னல் பொறியாளராக இருந்தவர். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை சோதித்துப் பார்த்தால்தான் திருப்தி.

"எலி செத்ததா, இருக்கா?" என்று கேட்டார்.

"கட்டியால சாகேல்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "முதல்ல வேற யாருக்கும் குடுத்துப் பாரும், ராஜினி. அவன் எழும்பி நடந்து வந்தா எனக்கும் தாரும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனால் இன்ஸ்பெக்டர், வேடிக்கையை ஒதுக்கிவிட்டு அந்த வாக்கியத்தைப் பாருங்கள். அதில் தவறு ஏதாவது இருக்கிறதா? உலகம் முழுக்க மருந்துகளை அப்படித்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். அளவு தெரியாத மருந்தைச் சொந்தப் புருஷனுக்கு யாராவது கொடுப்பார்களா?

லோகனை ரேடியேஷன் பிரிவில் சந்தித்தோம். அங்கே எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஒருவர்தான் வடைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரில் இருக்கும் மலாய் ஆன்டிக்கும் சீன அங்கிளுக்கும் நீட்டிக்கொண்டிருப்பார். பெரிய உடம்பு, பெரிய குரல். மழித்த தலையில் தையல் தழும்பைத் தடவிக் காட்டி, "ஃபெடரல் ஹைவே போட்டுட்டானுங்க" என்பார். தெலுக் பங்லிமா காராங்கில் லோரி கம்பெனி வைத்திருந்தார். அங்குள்ள தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றும் லோரிகள். வீடு கிள்ளானில். பக்கத்திலேயே அவர் மனைவி தனலெட்சுமி, எல்லோருக்கும் தனம், வடை எண்ணெய் சொட்டாமல் அவர் தாடைக்குக் கீழே டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்.

அருணனைப் பார்த்ததும் லோகன் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கும் தலையா?"

"தலைதான்."

"எனக்கும் தலைதான். சேம் சேம் லா. வாங்க, வடை சாப்பிடுங்க."

அருணன் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். அந்தக் கணமே எனக்கு லோகனைப் பிடித்துப்போயிற்று. நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் சொல்கிறேன்: எனக்கு அவரை உண்மையிலேயே பிடிக்கும்.

பேசப் பேச எல்லாம் தெரியவந்தது. அதே கட்டி. அதே ரேடியேஷன், அதே மாத்திரை. வயது அருணனைவிடக் குறைவு. நல்ல இதயம், நல்ல எடை, கல்லீரல் சுத்தம். பாசாரில் தேங்காய் பொறுக்கும்போது நல்லதொன்று கண்ணில் பட்டால் கை தானாகவே போகுமல்லவா, அதைப் போலத்தான் இருந்தது. நான் ஒன்றும் திட்டம் போட்டுத் தேடவில்லை.

தனத்துக்கு ஒரே கவலை, அவருக்கு என்ன சமைத்துப் போடுவது என்று. ஒருத்தி சீனியை நிறுத்து என்கிறாளாம், இன்னொருத்தி மூலிகைத் தண்ணீர் கொடு என்கிறாளாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "தனம், இது என்ர துறை. வாரத்தில ரெண்டு நாள் நான் சமைச்சுக் கொண்டு வாறன். அருணனுக்குச் செய்யிறதைத்தானே செய்யப் போறன்." அவள் கண்கலங்கிவிட்டாள். "யாருக்கா இந்தக் காலத்துல இப்படிச் செய்வாங்க?" என்றாள்.

செவ்வாயும் வெள்ளியும் போவேன். கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான். மடியில் அடுக்குப் பாத்திரம். அடித்தட்டில் சிவப்பரிசிச் சோறு, அதற்கு மேல் பருப்பு, அதற்கு மேல் சொதி, மேல்தட்டில் பாகற்காய்ச் சம்பல். தூள் கசக்கும். எங்கே போயிற்று என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

லோகனுக்குப் பாகற்காய் ஆகாது. முதல்நாள் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அக்கா, நீங்க குடுத்தா கல்லைக்கூடச் சாப்பிடுவேன். ஆனா இது என்னா லா, சாப்பாடா மருந்தா?"

"ரெண்டுந்தான்" என்றேன்.

பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை.

அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டே கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அவருக்கு நம்பிக்கை வந்துவிடும். நம்பிக்கை வந்தால் பசி வரும், தூக்கம் வரும், முகம் தெளியும். எது மருந்தால் வந்தது, எது நம்பிக்கையால் வந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. ஆய்வில் இது பாலபாடம். தவிர, சொன்னால் வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பு இருந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தனம் அதைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவாள். கூடவே கும்பிடும் கைகள். நான் கேட்டதனால்தான் அனுப்பினாள். நான் படித்தவள், பார்த்துச் சொல்வேன் என்று. சில வாரங்களில் இரத்தக் கொழுப்பு ஏற ஆரம்பித்தது. கல்லீரல் எண்களும் கொஞ்சம் அசைந்தன. எலிகளில் பார்த்த அதே வரிசை, அதே போக்கு. தூள் உடம்பில் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? அன்று அருணனுக்குப் பாயாசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மா என்றேன்.

கிள்ளான் வீட்டில் மட்டும் சின்னச் சண்டை வந்தது. இரத்தம் எடுத்த பெண் குழாயைத் தூக்கிக் காட்டி, மேலே பாலாடை மாதிரி மிதக்கிறது என்றாளாம். தனம் நேரே லோகன்மேல் பாய்ந்தாள். லோரியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாக ஆட்டுக்கறி தின்றுவிட்டு வருகிறார் என்று. அவர் சாமி படத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. மட்டன் விட்டாச்சு, முட்டை விட்டாச்சு, ரொட்டி சானாய்கூட விட்டாச்சு. கசப்பைத் தின்னே கொழுப்பு ஏறுன மொத ஆளு நான்தான்!"

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. என்னால் ஒரு குடும்பத்தில் சண்டை வருவதா? தனத்தைத் தனியே கூப்பிட்டு, அவர் பொய் சொல்லவில்லை, அவரை ஏசாதே, இந்த நோயில் இப்படி வருவதுண்டு என்று சமாதானப்படுத்தினேன். வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டாராம். உங்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லட்டுமா என்றாள். "பாகற்காயைப் பற்றி டாக்டரிட்ட என்ன சொல்லப் போறாய், தனம்?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். கொழுப்புக்கு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். நான் ஆட்சேபிக்கவில்லை.

இதற்கிடையில் அருணன் குறைந்துகொண்டே வந்தார். முதலில் வலது கை. பிறகு சொற்கள். கரண்டியைக் கேட்க நினைத்துத் தண்டவாளத்தைக் கேட்பார். நான் கரண்டியைக் கொடுப்பேன். பல தடவை உறைபெட்டியைத் திறந்து தூளைப் பார்த்துவிட்டு மூடினேன். கொடுத்திருக்கலாம். ஆனால் லோகனின் இரத்தம் அப்படி வெளுத்துக் கிடக்கையில் அருணனுக்கு எப்படிக் கொடுப்பது? சோதித்துப் பார்ப்பதன் பயனே அதுதானே. என் கணவர் அந்த அவஸ்தைகள் ஒன்றும் படவில்லை. அந்த விதத்தில் லோகன் எங்களுக்குப் பெரிய உதவி செய்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

ஒருநாள் காலை அருணன் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மோனோரெயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மோனோரெயில் போய்க்கொண்டிருந்தது, அவர் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

சாவு வீட்டுக்கு லோகனும் தனமும் வந்தார்கள். லோகன் நன்றாக மெலிந்திருந்தார். வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டே நடந்தார். கண்ணில் இலேசாக மஞ்சள். அப்படியிருந்தும் பெட்டியின் பக்கத்தில் நின்று, "அண்ணே, என்னை வுட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று குழந்தை மாதிரி அழுதார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, இனிமே எனக்குன்னு சமைக்காதீங்க. அவ்ளோ தூரம் ட்ரெயின்ல தூக்கிட்டு வராதீங்க. போதும். ரெஸ்ட் எடுங்க."

யோசித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். அவராகவே நிறுத்தச் சொன்னார். அருணன் இல்லை. யாருக்காக அளவு பார்த்தேனோ அவர் பெட்டியில் இருந்தார். நான் சரி தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"செய்யாம இருந்தாத்தான் எனக்குக் கஷ்டம், தம்பி" என்றேன்.

அவர் தனத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். பிறகு அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "அக்காவுக்கு வேற யாரு இருக்கா? நாம சாப்பிட்டாதான் அவங்களுக்கு ஒரு ஆறுதல்."

காரியங்கள் முடிந்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை கோமுட்டரில் உட்கார்ந்திருந்தேன், மடியில் அடுக்குப் பாத்திரத்தோடு. உண்மையைச் சொன்னால் மனது இலேசாக இருந்தது. இதற்கு முன்பெல்லாம் ஒரு அவசரம் இருந்தது. அருணனுக்கு நேரமாகிறதே என்று. இப்போது அவசரமில்லை. ஒரு காரியத்தை முறையாக, நிதானமாகச் செய்யலாம். லோகனுக்கு அடுத்த ஸ்கேன் வரப்போகிறது என்று தனம் சொல்லியிருந்தாள். அதற்குள் கட்டியில் தெளிவான மாற்றம் தெரிய வேண்டுமென்றால் அளவைக் கூட்டத்தான் வேண்டும். கூட்டினேன். லோகனின் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கிள்ளானில் மண்டபம் பார்த்து, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். மேடையில் லோகன் ஒரு ஆட்டம் போடுவார், யாருக்கும் காரணம் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். நான் அவருக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். சோற்றைப் பாதியில் வைத்துவிடுவார், சம்பலை மட்டும் மிச்சம் வைக்க மாட்டார். வயிற்றுவலி தாங்காமல் நெற்றி வேர்க்கும், என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். எனக்காகச் சாப்பிட்டார். அது எனக்குத் தெரியும்.

கணையம் வீங்கிப்போய்விட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். இரத்தத்தில் கொழுப்பு அந்த அளவுக்கு ஏறினால் அப்படி ஆவதுண்டு. கட்டி எடுத்துப்போகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த ஆளை வயிறு எடுத்துப்போய்விட்டது. ஸ்கேனுக்குக் குறித்த நாளுக்கு முன்பே போய்விட்டார். தனம் தொலைபேசியில் அழுதபோது நானும் அழுதேன். முதலில் எனக்குத் தோன்றியது, ஸ்கேன் போய்விட்டதே என்பது. பிறகு, அதைவிட நல்ல வழி ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

கிள்ளான் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், லோரி ஓட்டுபவர்கள் வரிசையாக நின்றார்கள். தனத்தை உள்ளறைக்கு அழைத்துப்போனேன். நேரம் குறைவு, சுற்றிவளைக்காமல் பேசுவதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

"தனம், எரிக்கிறதுக்கு முதல் மூளையை ஒருக்கால் எடுத்துப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடு. ஒரு சின்னத் துண்டு போதும்."

அவள் கேட்டதைப் புரிந்துகொள்ளாதவள் மாதிரி என்னையே பார்த்தாள். "ஏன்க்கா?"

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எலிகள், தூள், கதவைச் சாத்துவது, பாகற்காய். உன் கணவரின் உயிர் வீண்போகவில்லை, அவரால் நாளைக்கு எத்தனையோ பேர் பிழைக்கலாம், துண்டு கிடைத்தால் போதும் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன்.

தனம் கட்டிலில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. வெளியே யாரோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்குக் கட்டியே இல்லக்கா" என்றாள்.

"என்ன?"

"ரேடியேஷன் முடிஞ்சு எடுத்த மொத ஸ்கேன்லயே க்ளியர். ஒண்ணுமே தெரியலன்னு டாக்டரு சொன்னாரு. அப்ப நீங்க ரெண்டு மூணு தடவதான் சமைச்சுக் கொண்டாந்திருந்தீங்க. திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம், பாப்போம்னு சொன்னாரு. அதுக்குத்தான் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தோம். நீங்ககூட வந்தீங்க. வேண்டிக்கத்தான் போறோம்னு நீங்க நெனச்சீங்க. இல்லக்கா. நன்றி சொல்லப் போனோம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவருதான் வேணாம்னாரு. அருணன் அண்ணன் அங்க அப்படிக் கெடக்கும்போது எனக்கு நல்லாயிடுச்சுன்னு அக்காகிட்ட எப்புடிச் சொல்றது, அவங்க மனசு ஒடஞ்சிரும்னாரு. நீங்க ஸ்கேன் பத்திக் கேட்டப்போ கட்டி அப்படியேதான் இருக்குன்னு சொல்லச் சொன்னாரு. அண்ணன் போன பெறகும் சொல்ல விடல. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்னாரு."

பிறகு அவள் எழுந்து வெளியே போய், நாற்காலியில் இருந்த விஷ்ணுப்ரியாவின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கல்யாணத்துக்கு நான் ஒரு நல்ல காஞ்சிப் பட்டு வாங்கி வைத்திருக்கிறேன்; எங்கள் அலமாரியில் இருக்கிறது, யாராவது எடுத்துக்கொடுத்தால் நல்லது. கொஞ்ச நேரத்தில் உங்கள் ஆட்கள் வந்தார்கள். நான் ஓடவில்லை, ஒளியவில்லை. உறைபெட்டியில் எங்கே தேட வேண்டும் என்றுகூட நானே சொன்னேன். தேங்காய்ப் பொட்டலங்களை வெளியே வைத்து வீணாக்கிவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஆகவே ஒப்புக்கொள்வதற்கு எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. தூளை எடுத்தது நான். கொடுத்தது நான். இரத்தம் வெளுத்தது தெரிந்தும் கொடுத்தேன். அருணன் போன பிறகும் கொடுத்தேன், கூட்டிக் கொடுத்தேன். லோகன் அதனால்தான் இறந்தார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். இந்த விஷயத்தில் நடந்த பெரிய தவறு என்னுடையது இல்லை. என்னிடம் உண்மையை மறைத்திருக்கிறார்கள். ஸ்கேன் சுத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நான் பட்ட பாடு, நின்று சமைத்தது, ரயிலில் சுமந்தது, எல்லாம் எதற்கு? இல்லாத கட்டியைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவர் சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுவந்து நம்பிக் கொடுக்கிறார் என்றால், சாப்பிடுகிறவர் அவரிடம் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டாமா?

பேனாவை வைத்துவிட்டு ஏன் என்னை நிமிர்ந்து பார்க்கிறீர்கள்?

"அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா, ஆன்டி?"

நிச்சயமாக நிறுத்தியிருப்பேன், இன்ஸ்பெக்டர். கட்டி இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த ரேடியேஷன் வரிசையில் வேறு எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள்.